கன்னத்துக்குள் ஓர் ஊசி

1

இந்தக் கதை பயத்தில் பிறந்தது. முதலில் என் பயம். நாற்பத்திரண்டாம் வருஷம் சித்திரையில், ஜப்பான்காரன் குண்டு போடப்போகிறான் என்று மதராஸ் பட்டணமே மூட்டை கட்டியபோது நானும் ஓடிவந்தேன். ரயிலில் கால் வைக்க இடமில்லை. மொரப்பூர் நெருங்கி நன்றாக வெளிச்சம் வந்த பிறகுதான் எதிரே இருந்த பெண்ணைக் கவனித்தேன். சேலைத் தலைப்பால் பாதி முகத்தை மூடியிருந்தாள். காற்றில் தலைப்பு விலகியது. இடது கன்னம் வீங்கிச் சிவந்திருந்தது.

"வாயில புத்துங்க," என்றார் பக்கத்திலிருந்த அவள் புருஷன், நான் கேட்காமலே. "ரேடியம்னு ஒண்ணுங்க, ஊசியாட்டம். கன்னத்துக்குள்ளயே குத்தி வெச்சிருந்தாங்க. நேத்துத்தேன் புடுங்குனாங்க."

"ரொம்ப வலிக்குமே?"

"வலிக்குதுன்னு சொல்றதுக்கு அவ வாயத் தொறக்கோணுமில்லீங்க."

அவர் பெயர் செங்கோட்டையன். மல்லசமுத்திரத்துக்கு மேற்கே தோட்டம் வைத்திருக்கிற குடியானவர். அவள் ராசம்மாள். சேலம் ஜங்ஷனில் கூட்டத்தோடு இறங்கிப் போனார்கள். நானே பார்த்தது இவ்வளவுதான்.

(மீதி எல்லாம் செல்வமேரி சொன்னது. சேலம் அரிசிப்பாளையத்தில் எங்கள் எதிர்வீட்டுக்காரி, ஒரு டாக்டரிடம் நர்சாக இருப்பவள். அவள் சொல்லாமல் விட்ட இடங்களை நான் நிரப்பியிருக்கிறேன். எங்கே என்று முடிந்தவரை சொல்லிவிடுகிறேன்.)

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: 'செங்கோட்டையனின் தோட்டத்துக்கு மேல் அன்று மாலை கருமேகங்கள் திரண்டு—'

திரளவில்லை. சித்திரை வெயில். அடித்துவிட்டேன்.

பிறகு இப்படி: 'ராசம்மாள் முதன்முதலாகப் புகையிலையை வாயில் அடக்கியது தன்னுடைய—'

இதையும் நிறுத்தினேன். இப்படித் தொடங்கினால் வாசகர்களாகிய நீங்கள், 'ஓகோ, அதனால் வந்ததா' என்று நிம்மதியாகச் சாய்ந்து உட்கார்ந்துவிடுவீர்கள். ஊரில் பாதிப்பேர் புகையிலை போடுகிறார்கள். அவளுக்கு வந்தது. அவ்வளவுதான் தெரியும்.

ஆகவே அலங்காரம் இல்லாமல் வீட்டுக்கு வந்த நாளிலிருந்து தொடங்குகிறேன்.

3

ஊசியை எடுத்தால் எல்லாம் முடிந்தது என்று இருவரும் நினைத்திருந்தார்கள். எடுத்த பிறகுதான் ஆரம்பித்தது.

வீடு வந்து சில நாளில் கன்னத்தின் உட்புறம் வெந்து, பாலாடைபோல் வெள்ளை படர்ந்தது. வெளித்தோல் கறுத்து உரிந்தது. எச்சில் வற்றிப் பசையாகி, விரலால் வழித்து எடுக்க வேண்டியிருந்தது. தாடை இறுகிவிட்டது. பல்லுக்கும் பல்லுக்கும் நடுவே ஒரு விரல்கூட நுழையாது. கேழ்வரகுக் கூழை நீர்க்கக் கரைத்து, ஆறவைத்து, சங்கில் ஊற்றிக் கொடுத்தார் செங்கோட்டையன். பச்சைக்குழந்தைக்குப் பால் புகட்டுகிற அதே சங்கு.

"உப்புப் போட்டீங்களா மாமா?"

"போட்டனே புள்ள."

"மண்ணாட்டம் இருக்குது."

அவர் ஒரு வாய் குடித்துப் பார்த்தார். உப்பு சரியாக இருந்தது. "மறந்துட்டம் போல இருக்குது," என்று சொல்லிவிட்டு, உள்ளே போய்ச் சும்மா நின்றுவிட்டு வந்தார்.

ஆஸ்பத்திரியில் மூன்று மாதம் கழித்து வரச்சொல்லியிருந்தார்கள். அதுவரை புகையிலை, காரம், சூடு எதுவும் ஆகாது. கன்னத்தில் எதையும் பூசக்கூடாது. பக்கத்துத் தோட்டத்து மாரக்காள் ஒருநாள் வேப்பிலை அரைத்துக்கொண்டு வந்தவள், உரிந்த கன்னத்தைப் பார்த்ததும் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டுப் போய்விட்டாள். பிறகு வரவில்லை. ஒட்டிக்கொள்ளும் என்று ஊரில் பேச்சு.

அவர்களுக்கு ஒரே மகள், பாப்பாயி. நடை பழகி ஓடத் தொடங்கியிருந்தவள். அம்மா ஊசிக்குப் போன நாளிலிருந்து ஏங்கிக் கிடந்தவள். அம்மா திரும்பி வந்ததும் இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு ஓடிவந்தாள்.

"கிட்ட வராத!" என்றாள் ராசம்மாள். பல்லிடுக்கு வழியாக வந்த அந்தக் குரல் குழந்தைக்குப் புதிது. அப்படியே நின்றுவிட்டது.

கன்னம் உரிந்த சில நாளில் ராசம்மாள் தன் பாயைச் சுருட்டிக்கொண்டு, தோட்டத்துக் கோடியில் இருந்த சாளைக்குப் போய்விட்டாள். கூரை வேய்ந்த சிறு குடிசை. வைக்கோலும் கலப்பையும் போட்டுவைக்கிற இடம்.

4

இந்த இடத்தில் செங்கோட்டையனைப் பற்றி எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. முதல் பிரதியில் அவரைக் கல்நெஞ்சனாக எழுதியிருந்தேன். மனைவியைச் சாளைக்குத் துரத்துகிறவராக. அப்படி எழுதினால் கதை சுலபமாக ஓடுகிறது. படிக்கிறவர்களுக்குத் திட்டுவதற்கு ஓர் ஆள் கிடைக்கிறது.

ஆனால் ரயிலில் நான் பார்த்த மனிதர் வேறு. வண்டி குலுங்கும்போதெல்லாம் அவள் தலை ஜன்னல் கட்டையில் மோதாமலிருக்கத் தன் உள்ளங்கையை நடுவில் கொடுத்திருந்தார். மொரப்பூரிலும் எடுக்கவில்லை, பொம்மிடியிலும் எடுக்கவில்லை. அந்தக் கையை வைத்துக்கொண்டு அவரைக் கல்நெஞ்சனாக்க என்னால் முடியவில்லை.

ஆகவே அந்தப் பக்கங்களைக் கிழித்தேன். துரத்தியது அவர் இல்லை. அவளாகப் போனாள். ஏன் என்று அவரிடமும் சொல்லவில்லை.

"பெத்த புள்ள அழுவுது. உனக்குக் காது கேக்குதா இல்லியா?" என்று சாளை வாசலில் நின்று கத்தினார்.

அவள் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"சாவறதுன்னு முடிவு பண்ணிட்டியா புள்ள?" இந்தத் தடவை கத்தவில்லை.



5

காரணம் இது.

பட்டணத்து ஆஸ்பத்திரியில் ஊசிகளை உருவத் தொடங்கியபோது அபாயச் சங்கு ஊதியது. ஒத்திகையா நிஜமா என்று யாருக்கும் தெரியாது. ராசம்மாள் கண்ணை இறுக மூடியிருந்தாள். ஒவ்வொரு ஊசியும் தட்டில் விழுகிற ஓசையைத்தான் கேட்டுக்கொண்டிருந்தாள். சங்கு ஊதியதும் அந்த ஓசை கேட்காமல் போயிற்று. கண்ணைத் திறந்தபோது தட்டையும் காணோம், நர்சையும் காணோம். எல்லா ஊசியும் எடுத்தாயிற்றா என்று கேட்க ஆளில்லை.

அதற்கு முன்பு ஒருநாள் வார்டில் பேசிக்கொண்டது அவள் காதில் விழுந்திருந்தது: "இதுல ஒண்ணு தொலைஞ்சாலும் ஆபத்து. கட்டடத்தையே சலிச்சுத் தேடணும்."

ரயிலிலேயே கன்னத்துக்குள் சுருக்கென்று ஏதோ குத்தியது. வீட்டில் கூழ் குடிக்கும்போதும் குத்தியது. அதே இடம்.

ஓர் ஊசி உள்ளேயே தங்கிவிட்டது என்று அவள் முடிவு செய்தாள். சொன்னால் மறுபடியும் பட்டணம். குண்டு விழப்போகிற பட்டணத்தில், கன்னத்தைக் கிழித்துத் தேடுவார்கள். சொல்லாவிட்டால், தன்னைச் சுட்டதுபோல் அது பக்கத்தில் வருகிறவர்களையும் சுடும். செங்கோட்டையன் சங்கோடு வந்தால்கூட, வாங்கிக்கொண்டு தள்ளிப் போகச் சொன்னாள்.

சாளையில் அடைகாத்துக்கொண்டிருந்த கோழி ஒருநாள் செத்துக் கிடந்தது.

(நான் இதை ஆட்டுக்குட்டி என்று மாற்றியிருந்தேன். ஆட்டுக்குட்டி என்றால் மனம் இன்னும் இளகும். ஆனால் செத்தது கோழிதான். அந்த வெயிலில் சுற்றுவட்டாரம் முழுக்கக் கோழிச் சீக்கு இருந்தது. அது அவளுக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் நம்பியிருக்க மாட்டாள்.)

செத்த கோழியை அவள் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அதைப் புதைத்துவிட்டு, சாளைக் கதவுக்கு உட்பக்கம் கலப்பையை முட்டுக் கொடுத்தாள்.

கலப்பை குழந்தைக்கு ஒரு பொருட்டா? கதவுக்கடியில் கோழி நுழைகிற சந்து இருந்தது. ஒரு மத்தியானம், கூழ் குடித்த அயர்ச்சியில் ராசம்மாள் கண்ணயர்ந்தபோது பாப்பாயி அந்தச் சந்து வழியாக உள்ளே நுழைந்துவிட்டாள். அம்மாவைத் தொட்டாள். அம்மா திட்டவில்லை. பக்கத்தில் படுத்து, உரிந்த அந்தக் கன்னத்தோடு தன் கன்னத்தைச் சேர்த்துவைத்துத் தூங்கிப்போனாள்.

ராசம்மாள் விழித்தாள்.

அந்தக் கூச்சலைப் பற்றி செங்கோட்டையன் செல்வமேரியிடம் சொன்னது: "கெணத்துமேட்டுல நின்னனுங்க. பாம்புதேன்னு ஓடியாந்தேன். கதவ ஒடச்சுப் போட்டுப் பாத்தா, வாயெல்லாம் ரத்தமுங்க. ஒரு வெரல் நொழையாத தாடை, அத்தனை தொறந்திருச்சு."

குழந்தையைக் காலால் தள்ளிக்கொண்டே அவள் சொன்னாள்: "தூக்கீட்டுப் போங்க மாமா! என்ற கன்னத்துல ஊசி இருக்குது. அவளச் சுட்டுப்போடும்... கோழியச் சுட்டுப்போட்டுது... தூக்கீட்டுப் போங்க!"

அவர் குழந்தையைத் தூக்கவில்லை. முதலில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். அவள் தள்ளத் தள்ள உட்கார்ந்தார்.

"இத்தனை நாளா இதையா வெச்சுக்கிட்டிருந்தே? தனியா?"

6

மறுநாள் காலையில், பெட்ரோல் பஞ்சத்தில் கரியை எரித்து ஓடிய கரிவாயு பஸ் ஏறிச் சேலம் வந்தார்கள். குழந்தையை மடியில் வைக்க ராசம்மாள் சம்மதிக்கவில்லை. பஸ்ஸின் அந்தக் கோடியில் தகப்பனும் மகளும், இந்தக் கோடியில் அவள்.

செல்வமேரி வேலை செய்கிற டாக்டரிடம் எக்ஸ்ரே யந்திரம் இருந்தது. படம் பிடித்து, ஈரம் சொட்டச் சொட்ட ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார்.

"இது எலும்பு. இது பல்லு. ஊசி இருந்தா வெள்ளைக் கோடாத் தெரியும். இல்லை பாருங்க."

"இன்னொருக்காப் பாருங்க சாமி," என்றாள் ராசம்மாள்.

பார்த்தார். பிறகு விளக்கைப் பிடித்து வாய்க்குள்ளும் பார்த்தார். இடுக்கியால் எதையோ மெல்ல இழுத்தார். வெளியே வந்தது ஒரு நூல் முடிச்சு. ஊசி நழுவாமலிருக்கப் போட்ட தையலில் மிச்சமிருந்த பட்டுநூல். எறும்புத்தலை அளவுகூட இல்லை.

"இவ்வளவுதானுங்களா?" என்றாள்.

"இவ்வளவுதான்."

செல்வமேரி பாப்பாயியைத் தூக்கி அவள் மடியில் வைத்தாள். ராசம்மாளின் கைகள் முதலில் குழந்தையைத் தொடாமல் காற்றிலேயே நின்றன. பிறகு மெதுவாக இறங்கின. குழந்தை அவள் தாலிக்கயிற்றை இறுக்கிப் பிடித்துக்கொண்டது. செங்கோட்டையன் வெளியே போய், சுவரைப் பார்த்துக்கொண்டு மூக்கைச் சிந்தினார்.

இங்கேயே நிறுத்தியிருக்கலாம். நல்ல இடம். என் நண்பர் ஒருவர் படித்துவிட்டு, "இங்கே முடி ஐயா, புண்ணியமாகப் போகும்," என்றார்.

ஆனால் டாக்டர் இன்னும் கையை எடுக்கவில்லை. தாடைக்குக் கீழே, கழுத்தோரம் தடவிக்கொண்டிருந்தார். ஓரிடத்தில் விரல் நின்றது.

"இங்க நெறி கட்டியிருக்கு. எப்பத்திலேர்ந்து?"

அவளுக்குத் தெரியவில்லை. ஊசியைப் பற்றிய பயத்தில் கழுத்தை அவள் தொட்டே பார்க்கவில்லை.

"வாய்ப்புண்ணுக்கும் நெறி கட்டும்," என்றார் டாக்டர். புற்று பரவினாலும் கட்டும் என்ற அடுத்த வாக்கியத்தை அவர் சொல்லவில்லை. "பட்டணத்துல பாத்துடறது நல்லது. தவணைவரைக்கும் காத்திருக்க வேண்டாம்."

7

போனார்கள். பட்டணத்திலிருந்து எல்லோரும் ஓடிவந்துகொண்டிருந்தபோது இவர்கள் இருவரும் அங்கே போனார்கள். குழந்தையை மாரக்காள் வாங்கிக்கொண்டாள். தானாகவே வந்து கேட்டு வாங்கிக்கொண்டாளாம். ஜங்ஷனில் வழியனுப்பப் போன செல்வமேரி, "பயமா இருக்குதுங்களா?" என்று கேட்டிருக்கிறாள்.

"இருக்குதுங்க அம்மிணி. ஊசி இருந்தப்ப, அது எங்க இருக்குதுன்னு தெரிஞ்சுது. இது எங்கன்னே தெரியல," என்றாளாம் ராசம்மாள்.

ஒரு முடிவு எழுதினேன்: 'புண் ஆற ஆற நெறியும் கரைந்தது. ஐப்பசியில் ராசம்மாள் ஒரு வாய் ரசம்சோறு தின்று, காரம் தாங்காமல் கண்ணில் நீர் வழிய—'

நன்றாக வந்தது. ஆசைப்பட்டு எழுதியது என்பது ஒவ்வோர் எழுத்திலும் தெரிந்தது.

இன்னொன்று எழுதினேன்: 'டாக்டர் செங்கோட்டையனை மட்டும் வராந்தாவுக்கு அழைத்து—'

அதற்குமேல் பேனா ஓடவில்லை.

இன்று மத்தியானம் செல்வமேரி தெருவைத் தாண்டி வந்தாள். வாசலில் நின்றபடியே, "சார், அவங்க பட்டணத்திலேர்ந்து வந்துட்டாங்க. எங்க டாக்டரைப் பாத்துட்டுப் போனாங்க. சொல்லட்டுமா?" என்றாள்.

"கதை இன்னும் முடியலைம்மா. கொஞ்சம் பொறுங்க."

"கதை உங்களுது சார். உசுரு அவங்களுது."

நான் நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தேன். நல்லது, கெட்டது எதையும் காட்டாத முகம். வார்டுகளில் நடந்து நடந்து பழக்கப்பட்ட முகம். என் நாக்கு தானாகவே என் கன்னத்தின் உட்புறத்தைத் தடவிப் பார்க்கிறது. எனக்கு அங்கே ஒன்றுமில்லை. ஆனாலும் தடவுகிறது.

அவள் இன்னும் வாசலில்தான் நிற்கிறாள். வெயிலில். எனக்குக் கேட்கத் துணிவில்லை.

நீங்கள் கேளுங்கள்.