பொயட்டாஸ்டர்

பருத்திப்பட்டு ராஜசேகரன், யுத்த காலத்தில் ஆவடியில் ஒரு பட்டாள ஆபீசில் தலைமை குமாஸ்தா. வழக்கொழிந்த இங்கிலீஷ் வார்த்தைகளைத் தேடிப் பிடிப்பது அவருடைய பொழுதுபோக்கு. ஆளைக் குறிக்கும் சொல்லுக்கு 'ஆஸ்டர்' என்று வால் ஒட்டினால் போலி, அரைகுறை என்று அர்த்தமாகிவிடும்; அந்த வகை வார்த்தைகள் என்றால் அவருக்கு உயிர். திட்டு வாங்குகிறவனுக்கே புரியாது என்பதுதான் ருசி.

பருத்திப்பட்டுப் பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்த செங்கல்வராயன், தாம் எழுதிய இங்கிலீஷ் கவிதையை ஒருநாள் அவரிடம் காட்டினார்.

"நீங்க வெறும் மாஸ்டர் இல்ல வாத்தியாரே, பொயட்டாஸ்டர்!" என்றார் ராஜசேகரன். "பழைய காலத்துப் பட்டம். இப்பல்லாம் யாருக்கும் குடுக்கறதில்ல."

பள்ளிக்கூட அகராதியில் அந்த வார்த்தை இல்லை. அவ்வளவு உயர்ந்தது போலிருக்கிறது என்று செங்கல்வராயன் நினைத்துக்கொண்டார். பிறகு கிராமட்டிகாஸ்டர், ஃபிலாசஃபாஸ்டர் என்று இன்னும் இரண்டு கிடைத்தன. எழுதப் படிக்கத் தெரியாத அவர் மனைவி நாகம்மாள், கிணற்றடியில் மூன்றையும் தப்பில்லாமல் சொல்லிக் காட்டினாள்.

ராஜசேகரனின் பட்டாள ஆபீசில் மொழிபெயர்ப்பாளர் வேலை காலியானது. பெயருக்குப் பின்னால் மூன்று பட்டங்களையும் போட்டு மனு எழுதிக்கொண்டு செங்கல்வராயன் போனார். மேஜர் அதைப் படித்துவிட்டு, பக்கத்து அறை அதிகாரிகளைக் கூப்பிட்டு உரக்க வாசித்தார். ஒருவர் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். தன்னைப் பிடித்துப்போய்விட்டது என்று எண்ணிச் செங்கல்வராயனும் சிரித்தார்.

மேஜரே நிதானமாக அர்த்தம் சொன்னார். அரைகுறைக் கவி. அரைகுறை இலக்கணக்காரன். அரைகுறை ஞானி.

செங்கல்வராயன், வாசலோரம் நின்ற ராஜசேகரனைப் பார்த்தார். "சார், நீங்கதானே சொன்னீங்க?"

"இந்த ஆள் யாரென்றே எனக்குத் தெரியாது," என்று ராஜசேகரன் மேஜரிடம் இங்கிலீஷில் சொன்னார்.

விஷயம் தெரிந்ததும் நாகம்மாள் நேராக ராஜசேகரன் வீட்டு வாசலில் போய் நின்றாள்.

"என் ஊட்டுக்காரரு உன்னை இன்னா பண்ணாரு? உன்னை நம்பினது தப்பா?"

தெருவே கூடிவிட்டது.

"நான் குடுத்தது எதுவும் பொய்யில்லம்மா," என்றார் ராஜசேகரன். "அவருக்குப் பொருத்தமாத்தான் கீது."

கூட்டம் சிரித்தது. மனைவியைத் தேடி ஓடிவந்த செங்கல்வராயன் காதிலும் அது விழுந்தது. அவள் கையைப் பிடித்து வீடுவரை இழுத்துவந்து, கதவைச் சாத்தி, அறைந்தார். கல்யாணமானதிலிருந்து அவள்மேல் கை வைத்ததில்லை. அன்று கை நிற்கவில்லை.

நாகம்மாள் உதட்டு ரத்தத்தைத் துடைத்தாள். "சிரிச்சவனுங்க அங்க கீறானுங்க. நீ என்னை அடிக்கிற."

விடிந்ததும் நசரத்பேட்டையில் இருக்கும் அண்ணன் வீட்டுக்கு நடந்தே போய்விட்டாள்.

அழைக்கப் போனவரை அண்ணன் உள்ளே விடவில்லை. செங்கல்வராயன் தெருவில் நின்றே மன்னிப்புக் கேட்டார்.

"அந்தாளு வாசல்ல நின்னு, ஏன்டா இப்டி பண்ணேன்னு ஒரு வார்த்தை கேட்டுட்டு வா," என்றாள் நாகம்மாள் உள்ளேயிருந்து. "அப்புறம் வரேன்."

அவர் ஊர் திரும்பினார். ராஜசேகரன் வீடு இருந்த தெருவை விட்டு, ஏரிக்கரை வழியாகச் சுற்றிக்கொண்டே அதன் பிறகு பள்ளிக்கூடம் போய்வந்தார்.