சீட்டில் எழுத வேண்டிய பெயர்

ஜுரத்தில் உடம்பு அனலாய்க் கொதித்தாலும் என் வீட்டுக்காரரின் வீம்பு மட்டும் குறையவில்லை. துறைமுகத்தில் பாரந்தூக்கி ஓட்டுகிற மனிதர். தண்ணீர் மருந்து என்றால் தமிழ்க் கை கலந்ததாக இருக்க வேண்டுமாம். வேறு தேசத்தார் கலந்ததை வாயில் வைக்க மாட்டாராம். மருந்து உள்ளே போகாவிட்டால் ஆள் தேறாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். எனக்குப் பிள்ளை குட்டி கிடையாது. ரங்கூனில் இவரை விட்டால் யார் இருக்கிறார்கள்?

லான்மடாவ் ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். அந்த வருஷம் கம்பவுண்டர் பரீட்சையில் தேறியவர்களை அங்கேதான் வேலைக்கு வைத்திருந்தார்கள். மருந்து ஜன்னலுக்குள் எட்டிப் பார்த்தால் ஒரு சீனன், ஒரு கரேன் பையன், ஒரு வங்காளி, ஒரு ஆங்கிலோ-இந்தியச் சட்டைக்காரன். ஊர்ப்பட்ட ஜாதியும் மருந்து இடிக்கிறது, தமிழன் ஒருத்தனைக் காணோம். என் தலையெழுத்தை நொந்துகொண்டு நின்றேன். அப்போது கொண்டையில் பூ வைத்த பர்மியப் பெண் ஒருத்தி வந்து, என்ன வேண்டுமென்று தமிழில் கேட்டாள். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. தமிழச்சி கலந்தது என்று அவரிடம் சாதித்துவிடலாம்.

மருந்தைக் கலந்து, குடிக்கிற அளவு தெரிய வேளைக்கு ஒரு பல்லாகக் கத்தரித்த காகிதத்தைப் பாட்டிலில் ஒட்டினாள். சீட்டில் எழுத நோயாளியின் பெயரைக் கேட்டாள். புருஷன் பெயரை எந்த வாயால் சொல்வேன்? தாலி ஏறிய நாளிலிருந்து சொன்னதில்லை.

"முருகன் ஆண்டியா நிக்கிற மலை இருக்கில்ல, அந்த ஊரு சாமி" என்றேன்.

"பழனியப்பனா?" என்று சிரித்தாள். "எங்க அப்பா பேரும் அதுதான்."

எனக்கும் சிரிப்பு வந்தது. என்ன வேலை என்று கேட்டாள். துறைமுகத்தில் பாரந்தூக்கி ஓட்டுகிறார் என்றேன். அவள் பேனா நின்றுவிட்டது.

"இடது காது பாதி இருக்காதே, அவரா?"

பாரந்தூக்கிக் கம்பி அறுந்து வெட்டிய காது. ராத்திரி வேலை என்று வாராவாரம் ஆற்றுக்கு அக்கரைக்கு, தன்லியினுக்குப் போவாரே! அவள் வீடு எங்கே என்று கேட்டேன். தன்லியின்தான். பெயரைக் கேட்டேன்.

"எல்லாரும் பர்மாப் பேரா 'மா தின்'னுதான் கூப்பிடுவாங்க. அப்பா வச்ச பேரு தனபாக்கியம்."

என் மாமியார் பெயர். எனக்குப் பெண் பிறந்தால் வைக்கலாம் என்று நான் காத்துக் கிடந்த பெயர். பாவி மனுஷன்! பாட்டிலை அங்கேயே போட்டு உடைக்கலாமா என்று இருந்தது. அந்தப் பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டு, கார்க்கை இன்னும் அழுத்தி மூடி, அப்பா பிழைப்பாரா என்று என்னையே கேட்டாள். வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

வீட்டில் அவர் கண்ணைத் திறந்ததும் கேட்ட முதல் கேள்வி, தமிழ்க் கைதானா என்பது.

"பாதி தமிழ்" என்றேன். "தன்லியின் தனபாக்கியம் கலந்தது."

அவர் முகம் வெளிறிவிட்டது. தலையைத் தூக்கிப் பிடித்து, ஒரு பல் அளவு ஊற்றி வாயருகில் கொண்டுபோனேன்.

"குடி, பழனியப்பா."

வாயைத் திறந்தார்.