கருங்கல் மூலை

பேய்க்கணவாய் பெருகட்டும், பவளத்திட்டின் வடக்குப் பாதியில் யாரும் பிடிக்காமல் மூன்று மாதம் மூடிவைக்கலாம் என்று ஊர்க்கூட்டத்தில் பேச்சு எழுந்ததுமே சுவாசரா சண்டைக்கு வந்துவிட்டாள்.

"கடலுக்குப் பூட்டுப் போடுறீங்களா? சாவிய யாரு இடுப்புல சொருகிக்கப் போறா? மூணு மாசம் காத்தையா வறுத்துத் திங்கிறது?"

"கவலப்படாத. நீ கரையில நின்னு கத்து. பேய்க்கணவாயெல்லாம் காதப் பொத்திக்கிட்டுத் தானா வெளிய வந்துரும், எட்டுக் கையாலயும்" என்றான் சிவேரி.

கூட்டம் சிரித்தது. அவளும் சிரித்தாக வேண்டும். அவன் குலமும் அவள் குலமும் கேலி முறை. என்ன சொன்னாலும் கோபப்படக் கூடாது.

மூடினார்கள். மீறிப் போகிறவர் ஓர் ஆடு தர வேண்டும் என்று கட்டுப்பாடும் வைத்தார்கள். சுவாசராவிடம் இருந்ததே ஒரே ஆடு, அதுவும் சினையாடு.

இருந்தும் மூன்றாம் மாதம், கடல் வெகுதூரம் உள்வாங்கும் பெரிய வற்றத்தன்று உச்சி வெயிலில், முகம் கருகாமல் இருக்க மரத்தை உரைத்த மஞ்சள் குழம்பை அப்பிக்கொண்டு அவள் கிளம்பிவிட்டாள். எட்டிப் பார்க்கத்தான் போகிறோம் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். ஆனாலும் ஈட்டியைக் கையோடு எடுத்துக்கொண்டாள்.

கருங்கல் மூலையில் ஒரு பொந்து உண்டு. புருஷனுக்குக்கூடக் காட்டாத பொந்து. வருஷா வருஷம் இதே பருவத்தில் அங்கே ஒரு பேய்க்கணவாய் ஓடாமல் ஒளியாமல் ஈட்டிக்கு வந்து நிற்கும். எல்லாம் தன் கைராசி என்று அவளுக்கு ஏகப் பெருமை.

குனிந்து பார்த்தாள். உள்ளே ஒன்று இருந்தது. வெளுத்து, வற்றிப்போய்க் கிடந்தது. அதன் தலைக்கு மேலே அரிசி கோத்த சரங்களாக முட்டைகள் தொங்கின. அது அவற்றின் மேல் தண்ணீரை ஊதி ஊதி விட்டுக்கொண்டிருந்தது. கைக்கு எட்டும் தூரத்தில் கொழுத்த நண்டு ஒன்று உலா போனது. நண்டென்றால் உயிரை விடும் பிராணி, ஒரு கையைக்கூட நீட்டவில்லை.

அது ஓடாததற்குக் காரணம் கைராசி இல்லை. சுவாசராவுக்கு வெட்கமாக இருந்தது. ஈட்டியை ஈரமாக்காமல் வீடு திரும்பினாள்.

திட்டைத் திறந்த நாளில் ஊரே தோளில் சுமந்து வந்தது. அப்படிப் பருத்த பேய்க்கணவாய்களைப் பார்த்து எத்தனையோ காலம். சாயங்காலம் மணலில் கூட்டம் போட்டு, அடுத்த வருஷமும் மூன்று மாதம் மூடுவோம் என்று முடிவு செய்தார்கள்.

"கருங்கல் மூலைய மட்டும் திறக்கவே வேணாம். எப்பவுமே" என்றாள் சுவாசரா.

எல்லாரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"பூட்டுக்காரியே வந்துட்டா!" என்றான் சிவேரி. "ஏன்டி, அங்க அப்படி என்ன இருக்கு? உனக்கு எப்படித் தெரியும்?"

கனவில் கண்டேன் என்று சொல்லலாம். ஆனால் கனவுக்காக யாரும் ஒரு மூலையை விட்டுத்தர மாட்டார்கள்.

"போய்ப் பார்த்தேன். மூடியிருக்கும்போதே போனேன். அங்கதான் முட்ட வைக்குது. இத்தன வருஷமா நான் குத்துனதெல்லாம் தாய்ங்க."

அந்த நேரத்திலும் கேலி செய்ய உரிமை உள்ளவன் சிவேரி ஒருவன்தான்.

"முதல்ல ஆட்ட அவிழ்த்துக் கொண்டு வா. அப்புறம் நியாயம் பேசு. சினையாடாச்சே, மனசு வருதா?"

"அந்தத் தாய் அத்தன நாளாப் பட்டினி கிடந்து முட்டையக் காக்குறாடா. ஒரு ஆடு கொடுத்தா நான் என்ன தேஞ்சா போயிருவேன்?" என்றாள் சுவாசரா.

கேலிக்கு வாய் திறந்த சிவேரி, வாயை மூடிக்கொண்டு, அந்த மூலையை மூட சம்மதம் என்று கையைத் தூக்கினான். பின்னால் ஒவ்வொரு கையாக எழுந்தது.

சுவாசரா ஆட்டை அவிழ்க்க வீட்டுக்கு நடந்தாள்.