பின் அறைக்கான பட்டைகள்

சுவரடியில் ஒட்டுவதற்காக வெட்டிய டைல் பட்டைகள் விறாந்தையில் மூன்று அடுக்குகளாகச் சாய்த்து வைக்கப்பட்டிருந்தன. காலையில் விறாந்தையைக் கூட்ட வந்த பரீதா, தூசி படாமல் இருக்கட்டும் என்று ஒரு சாக்கை எடுத்து அவற்றின் மேல் போடக் குனிந்தாள். ஒவ்வொரு அடுக்கிலும் முதல் பட்டை முதுகைக் காட்டி நின்றது. அதில் மேசன் கோணாமலை பென்சிலால் எழுதியிருந்தார். முதல் அடுக்கில் 'ஹோல்'. அடுத்ததில் 'முன் அறை'. மூன்றாவதில் 'பின் அறை'. பின் அறை என்றால் அவளுடைய அறை. சாக்கைக் கையில் பிடித்தபடி அவள் அப்படியே நின்றாள். நாலு சுவருக்கும் போதுமான பட்டைகள் அங்கே இருந்தன.

ஒரு கிழமைக்கு முன் வாப்பா சோற்றுக் கோப்பையைப் பார்த்துக்கொண்டே சொன்னது அவளுக்கு நினைவிருந்தது. "ஹோலும் முன் அறையும் போதும். ரிஷாத்ட உம்மா வந்து பார்த்தா கண்ணுக்கு நல்லா இரிக்கணும்." ரிஷாத், தங்கை ஷிஃபானாவுக்குப் பேசியிருக்கும் மாப்பிள்ளை. நிக்காஹுக்கு இன்னும் பதினெட்டு நாள் இருந்தது. அதற்கு அடுத்த நாள், சும்மா பேச்சுப் போல, "கிண்ணியாவில சாச்சி ஒண்டியா இரிக்கா. ஆராவது தொணைக்கு இரிந்தா நல்லம்" என்றார். பரீதா அதைச் சின்னம்மா முறையான அந்தச் சாச்சியைப் பற்றிய கதை என்றுதான் எடுத்துக்கொண்டாள். இப்போது அந்த இரண்டு பேச்சும் ஒன்றாகச் சேர்ந்து, மேசனின் சாய்ந்த கையெழுத்தில் அவள் முன்னால் நின்றன.

இந்தப் பக்கத்தில் வீடு பெண்ணோடு போகும். மாப்பிள்ளை உடுப்புப் பெட்டியோடு வந்து சேருவார். பெற்றவர்கள் ஒரு மூலைக்கு ஒதுங்குவார்கள், அல்லது வேறு இடம் பார்ப்பார்கள். எட்டு வருடத்துக்கு முன் இதே ஹோலில் பாய் விரித்து, ஊர் ஆட்களை இருத்தி, இந்த வீடு பரீதாவுக்கு என்று வாப்பா வாயால் சொன்னார். உறுதிப் பத்திரம் எழுதவில்லை. "என்ட புள்ளைக்கு நான் எழுதாமலா?" என்று சிரித்தார். நாலு வருடத்தில் அவளுடைய கணவன் தலாக் சொல்லிவிட்டுப் போனான். அவன் போன பிறகு வீடும் மெல்ல மெல்ல அவளிடமிருந்து போகத் தொடங்கியது. யாரும் வந்து பறிக்கவில்லை. முதலில் முன் அறையில் இருந்து பின் அறைக்குக் கட்டில் வந்தது. பிறகு அலுமாரி வந்தது. உம்மா மௌத்தாகி மண்ணுக்குப் போன பிறகு சாவிக்கொத்து தங்கையின் கைக்குப் போனது. மிஞ்சியது பின் அறை மட்டும். பத்தடிக்குப் பத்தடி, சிவப்புச் சீமெந்துத் தரை, ஒரு தையல் மெஷின், உட்துறைமுகத்தின் தண்ணீரை ஒரு சாண் அகலத்துக்குக் காட்டும் ஜன்னல். ஆஸ்பத்திரித் தாதிமாரும் ரீச்சர்மாரும் அபாயா தைக்க அளவு கொடுப்பது அந்த அறையில்தான். பாலத்தைக் கடந்து அவர்கள் கிண்ணியாவுக்கு வரப்போவதில்லை.

டைல் போட்ட இடமெல்லாம் மாப்பிள்ளை வீட்டார் கண்ணில் மகளுக்குக் கொடுத்த இடம். அதை யாரும் வாய் திறந்து சொல்ல வேண்டியதில்லை. ரிஷாதின் உம்மா இன்று பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு வேலையைப் பார்க்க வருகிறார். அவரை அழைத்து வர வாப்பா அப்துல் மஜீத் காலைச் சாப்பாட்டோடு கிண்ணியாவுக்குப் புறப்பட்டுப் போயிருந்தார்.

எட்டு மணிக்குக் கோணாமலை சல்லிக் கிராமத்தில் இருந்து மோட்டார் சைக்கிளில் வந்தார். கேற்றுக்கு வெளியே, ஊருக்குள் திரியும் புள்ளிமான்களில் ஒன்று டைல் வந்த காட்போட் பெட்டியின் மடிப்பைக் கடித்து இழுத்துக்கொண்டிருந்தது.

"மாப்பிள்ளை வீட்டுக்காரருக்கு முன்னம் இவர் விருந்துக்கு வந்திட்டார்" என்று சொல்லி அவரே சிரித்துக்கொண்டு உள்ளே வந்தார். வாளியையும் ரப்பர் சுத்தியலையும் இறக்கி வைத்தார். "தங்கச்சி, உங்கட அலுமாரியையும் மெஷினையும் வெளியில எடுப்பமோ? பின் அறையிலதான் தொடங்கோணும். உள்ளுக்க இருந்து பதிச்சுப் பதிச்சு வாசலால வெளிய வாறதுதான் முறை. இல்லாட்டி நான் உள்ளுக்க நிண்டு மாட்டுப்பட வேண்டியதுதான்."

"பின் அறைக்கு இல்லண்ணே" என்றாள் பரீதா.

"இல்லையோ? மஜீத் நானா சொல்லித்தானே அளந்தனான். முந்தநாள், நீங்கள் உடுப்புக் குடுக்கப் போன நேரம்."

அவள் வீட்டில் இல்லாத நேரம் பார்த்து அளந்திருக்கிறார்கள். அந்த ஒரு சொல் நெஞ்சில் விழுந்த பிறகு, அடுத்துச் சொன்ன பொய் வழுக்கிக்கொண்டு வந்தது. "ராவு மாத்திட்டார். என்ட வாசலோட நிப்பாட்டட்டாம்."

கோணாமலை விறாந்தையில் இருந்த மூன்றாவது அடுக்கைத் திரும்பிப் பார்த்தார். "ஒருக்கா போன் அடிச்சுக் கேப்பமோ?"

"கேளுங்க."

அவர் அடித்தார். மணி போய்க்கொண்டே இருந்தது. அவளுடைய காதுக்கும் கேட்டது. கடைசியில் அவர் போனை இறக்கி, அவளுடைய முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"எடுக்கிறாரில்லை. சரி, நீங்கள் சொல்லுறியள், நான் போடுறன். பிறகு நானா வந்து கத்தினா உங்களைத்தான் கையைக் காட்டுவன்."

"காட்டுங்க."

ஒரு வாளி தண்ணீரை எடுத்துக்கொண்டு அவள் தன் அறைக்குள் போனாள். தொழுகைக்கு ஒளுச் செய்ய அது போதும். குடிக்க ஒன்றும் கொண்டுபோகவில்லை. குடித்தால் வெளியே போக வேண்டி வரும். இன்று போக முடியாது. கோணாமலை அவளுடைய வாசற்படியில் இருந்து முன் கதவு வரைக்கும் நூல் பிடித்தார். முதல் வரிசை டைல்களை அவளுடைய வாசலை ஒட்டி, கிரைண்டரால் நேராக வெட்டி, கலவையின் மேல் இருத்தினார். ரப்பர் சுத்தியல் மெதுவாக, ஒரே தாளத்தில் விழுந்தது. மட்டப்பலகையை வைத்துப் பார்த்து, திரும்பவும் தட்டினார். வெண்சாம்பல் நிறத்தில், பளபளவென்று, மாப்பிள்ளை வீட்டார் விரும்பிக் கேட்ட அதே டைல். இந்தப் பக்கம் சிவப்புத் தரை, அந்தப் பக்கம் புதுத் தரை. நடுவில் ஒரு நேர்கோடு. கோட்டின் இந்தப் பக்கத்தில் அவள் சப்பாணி கட்டி உட்கார்ந்து, ஒரு அபாயாவின் கைவிளிம்பைத் தைக்கத் தொடங்கினாள். ஊசி இரண்டு தடவை விரலில் ஏறியது.

இரண்டாவது வரிசையை வைத்துவிட்டு, மூன்றாவது வரிசையைப் போட அவர் பின்னால் நகர்ந்தார். இனி நாளைக் காலை வரை இந்த வாசலால் யாரும் உள்ளே வர முடியாது. அவளும் வெளியே போக முடியாது. நினைக்க நினைக்க அவளுக்குப் பயமும் ஒரு விசித்திரமான நிம்மதியும் ஒன்றாக வந்தன. கரையில் இருந்து கயிறு அவிழ்த்த ஓடத்துக்குள் உட்கார்ந்திருப்பது போல இருந்தது.

பத்து மணி போலக் கோணாமலையின் சட்டைப் பையில் போன் அடித்தது. சட்டை ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. பரீதா ஊசியை நிறுத்தினாள். அவர் நிமிர்ந்து சட்டையைப் பார்த்தார், பிறகு தன் இரண்டு கைகளையும் பார்த்தார்.

"கை முழுக்கச் சீமெந்து" என்றார், சுவருக்குச் சொல்வது போல. போன் அடித்து ஓய்ந்தது.

மதியம் சோறு போட்ட கோப்பையோடு ஷிஃபானா குசினி வாசலில் வந்து நின்றாள். குசினியில் இருந்து பின் அறைக்கு வரும் வழி முழுவதும் ஈரமான டைல். அவள் காலை எடுத்து வைக்கப் போய்ப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள்.

"ராத்தா, நீங்க என்ன உள்ள? இனி எப்புடி வெளிய வாற?"

"வரல்ல."

ஷிஃபானா அக்காவின் வாசலில் இருந்த நேர்கோட்டைப் பார்த்தாள். "வாப்பா பின் அறையும் எண்டுதானே..." என்று தொடங்கி, சொல்லை விழுங்கிக்கொண்டாள்.

"ஒனக்குத் தெரியுமா?"

கோணாமலை டைல் வெட்டப் போகிறவர் போல எழுந்து வெளியே போனார். கிரைண்டர் சத்தம் கேட்கவில்லை.

"மாமியா வரப்போறவ கேட்டா" என்றாள் ஷிஃபானா. "முழு வீடும் ஒரே மாதிரி இரிக்கணுமாம். வாப்பா ஓம் எண்டுட்டார். நான் என்னத்தச் சொல்ற ராத்தா?"

"ஒண்ணும் சொல்லத் தேவல்ல. இவ்வளவு நாளும் ஒண்ணும் சொல்லாமத்தானே இரிந்த. நல்லாத் தெரியும் ஒனக்கு அந்த வேல."

ஷிஃபானாவின் முகம் சிவந்தது. சோற்றின் மேல் இருந்த மீன்குழம்பு ஆறிப் படை கட்டியது. பிறகு அவள் கோப்பையோடு உள்ளே போனாள்.

ஆட்டோ வந்து நிற்கும் சத்தம் கேட்டபோது நாலு மணி கடந்துவிட்டது. முன் கதவடியில் இன்னும் ஒரு வரிசை மட்டும் மிச்சம் இருந்தது. பரீதாவின் நாக்கு வறண்டு மேலண்ணத்தில் ஒட்டியிருந்தது. அவள் தையலைக் கீழே வைத்துவிட்டு முக்காட்டைச் சரிசெய்தாள். எழுந்து நிற்கவா, உட்கார்ந்தே இருக்கவா என்று ஒரு கணம் யோசித்தாள். உட்கார்ந்தே இருந்தாள்.

வாப்பா முதலில் வந்தார். கதவடியில் குந்தியிருந்த கோணாமலையைத் தாண்டி, பளபளக்கும் தரையின் மேல் அவருடைய கண் ஓடி வந்து, அவளுடைய வாசலில் முட்டி நின்றது. சிவப்புத் தரையில் மகள் உட்கார்ந்திருந்தாள். அவர் கோணாமலையைக் குனிந்து பார்த்தார். கோணாமலை யாரையும் கையைக் காட்டவில்லை. வெட்டிய டைலின் ஓரத்தை விரலால் தடவிக்கொண்டிருந்தார்.

ரிஷாதின் உம்மா வாப்பாவின் தோளுக்குப் பின்னால் இருந்து எட்டிப் பார்த்தார். பருத்த உடம்பு, குடையைக் கைத்தடி போல ஊன்றியிருந்தார். "மாஷா அல்லாஹ். கண்ணாடி மாதிரி இரிக்கி, மச்சான்." பிறகு கண்ணைச் சுருக்கினார். "அந்த அறைக்கு டைல் போடல்லயா?"

அவ்வளவு தூரத்தில் இருந்து கேட்டாலும், வெறும் ஹோலில் அந்தக் கேள்வி பெரிதாக ஒலித்தது. நடந்து வந்து காதோடு சொல்ல யாருக்கும் வழி இல்லை. எதைச் சொன்னாலும் பதினாறு அடி ஈரத் தரையின் மேலால், எல்லோருக்கும் கேட்கத்தான் சொல்ல வேண்டும். பரீதா வாப்பாவைப் பார்த்தாள். உரத்துச் சொல்லட்டும். எட்டு வருடத்துக்கு முன் இதே இடத்தில் உரத்துச் சொன்னவர்தானே.

வாப்பா தொண்டையைச் செருமினார். "அது..." என்றார். "அது நாளைக்கு. நாளைக்குப் போடுவாங்க."

"அப்ப மூத்தவ?"

"அவ சாச்சிட்ட போறா. அவளுக்கும் விருப்பம்தான்."

தன்னுடைய விருப்பத்தை அவர் வாயால் கேட்டபோது பரீதாவுக்கு அழுகை வரவில்லை. வாய் திறந்தாள், வறண்ட தொண்டையில் இருந்து சத்தமும் வரவில்லை.

அப்போதுதான் குசினி வாசலில் இருந்து ஷிஃபானா இறங்கினாள்.

"தங்கச்சி! கால் வைக்காதையுங்கோ!" கோணாமலை கத்திக்கொண்டு எழும்பினார். அவள் கேட்டதாகத் தெரியவில்லை. வெறுங்காலோடு, கையில் ஒரு கிளாஸ் தண்ணீரோடு, கிளாஸையே பார்த்தபடி நடந்தாள். முதல் டைல் மூலையில் அமிழ்ந்தது. இடுக்கால் சாம்பல் நிறக் கலவை பிதுங்கி வந்து அவளுடைய கால்விரல்களை மூடியது. இரண்டாவது டைல் மறுபக்கம் சரிந்தது. ரிஷாதின் உம்மா "யா அல்லாஹ், அவட வீட்டயே அவ மிதிச்சுப் பழுதாக்குறாளே!" என்றார். ஷிஃபானா தண்ணீர் சிந்தாமல் அடுத்த அடியை வைத்தாள்.

அக்காவின் வாசலுக்கு வந்து கிளாஸை நீட்டினாள். பரீதா வாங்கி ஒரே மூச்சில் குடித்தாள்.

"கொஞ்சம் அங்கால இரிங்க ராத்தா" என்றாள் ஷிஃபானா. பரீதா விலகி இடம் கொடுத்தாள். ஷிஃபானா சிவப்புத் தரையில், அக்காவுக்குப் பக்கத்தில், தோள் முட்ட உட்கார்ந்து முன் கதவைப் பார்த்தாள். சீமெந்து பூசிய கால்களைப் புதுத் தரையின் மேல் நீட்டினாள். "வாப்பா" என்று கூப்பிட்டாள். "ராத்தாவுக்கு விருப்பமா எண்டு ராத்தாட்ட கேளுங்க."

அவள் நடந்து வந்த வழியில் ஏழெட்டு டைல்கள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு பக்கமாகச் சாய்ந்து கிடந்தன. மாலை வெயில் அவற்றில் பட்டு வெவ்வேறு சுவர்களில் துண்டு துண்டாக விழுந்தது. ரிஷாதின் உம்மா குடையை இறுக்கிப் பிடித்திருந்தார். அப்துல் மஜீத் மூத்த மகளைப் பார்த்தபடி கதவு நிலையை ஒரு கையால் பிடித்தார். குனிந்து வலது செருப்பைக் கழற்றினார். வெறுங்கால் ஈரத் தரைக்கு மேலே, இறங்காமல், ஆடிக்கொண்டு நின்றது.