சத்தம் புகாத இயர்பட்ஸ் வாங்குவது எப்படி

1

இது கட்டுரையாக வந்திருக்க வேண்டியது. ஓர் இணையதளத்தை நடத்தும் வர்ஷா என்னிடம் கேட்டிருந்தார்: கையைக் கடிக்காத விலையில், வெளிச்சத்தம் புகாத, பாட்டும் கேட்க நன்றாக இருக்கிற இயர்பட்ஸை எப்படித் தேர்ந்தெடுப்பது? பேருந்தில் நின்றுகொண்டே படித்து முடிக்கிற மாதிரி எழுதித் தர வேண்டும். நானும் ஒப்புக்கொண்டேன். அம்பத்தூர் எஸ்டேட்டுக்குப் போகும் அலுவலக வேனில் என் பக்கத்து இருக்கையில் வரும் கிருஷ்ணப்பிரியா அப்போதுதான் அலைந்து திரிந்து ஒன்று வாங்கியிருந்தாள். (பெயரை மாற்றியிருக்கிறேன். இந்தப் பெயரைச் சொன்னதும், "எனக்கு இது ரொம்ப நீளம்" என்றாள்.) எதை வாங்கினாள், ஏன் என்றுதான் கேட்டேன். அவள் சொல்லச் சொல்ல இயர்பட்ஸ் பின்னுக்குப் போய்விட்டது. வர்ஷாவுக்கு இன்னும் எதுவும் அனுப்பவில்லை. அனுப்புவேன் என்று தோன்றவும் இல்லை.

2

முதல் வரி பிடிபடவில்லை.

கிருஷ்ணப்பிரியாவுக்குச் சத்தம் என்றாலே ஆகாது, சின்ன வயதிலிருந்தே அவள் —

[பொய். கரூரில் பேருந்து நிலையத்துக்குப் பின்தெருவில் வளர்ந்தவள்.]

சென்னீர்குப்பத்தில் பெங்களூர் நெடுஞ்சாலையை ஒட்டி நிற்கும் அந்த அடுக்குமாடியின் பால்கனியிலிருந்து பார்த்தால் —

[வீடு விற்கிறவன் எழுதுவது.]

அவள் நாள் முழுக்க யார் யாருடைய கோபத்தையோ கேட்டுவிட்டு வீட்டுக்கு வந்தாள்.

இது இருக்கட்டும். அவளுடைய வேலையே அதுதான். காப்பீட்டு நிறுவனம் ஒன்றுக்கு வரும் தொலைபேசி அழைப்புகளின் பதிவைக் கேட்டு, பதில் சொன்ன ஊழியர் பொறுமையாகப் பேசினாரா என்று மதிப்பெண் போட வேண்டும். பணம் வரவில்லை என்று ஒருவர் கத்துவார். இன்னொருவர் கத்த ஆரம்பித்து அழுகையில் முடிப்பார். யாருக்கும் அவள் பதில் சொல்ல முடியாது, கேட்க மட்டும்தான் முடியும். சாயங்காலம் வேனை விட்டு இறங்கும்போது, ஊறவைத்த துணி மாதிரி தலை கனக்கும்.

வீட்டுக் கதவைத் திறந்தால் டிவி. மாமனார் கோவிந்தராஜ் ஆவடியில் படைத்துறைத் தொழிற்சாலையில், இரும்பை அடித்து நீட்டும் இயந்திரத்துக்குப் பக்கத்திலேயே வேலைக்காலம் முழுக்க நின்றவர். காது பாதிதான் கேட்கும். செய்தி விவாதத்தில் ஐந்து பேர் ஒரே நேரத்தில் கத்துவதை, கடைசிக் கோடு வரை சத்தத்தை ஏற்றிவைத்துப் பார்ப்பார். காது மிஷின் வாங்கிக் கொடுத்தார்கள். "இரைச்சல் மட்டும் பெர்சா கேக்குதும்மா" என்று சொல்லி அலமாரியில் போட்டுவிட்டார். கணவன் விஷாலுக்கு ஓசூரில் வேலை, சனிக்கிழமைதான் வருவான். வார நாட்களில் வீட்டில் இவர்கள் இருவர் மட்டும்.

மாமனார் மீது அவளுக்கு வெறுப்பு இருந்ததா என்று கேட்டேன். இல்லை என்றாள். கொஞ்ச தூரம் போனபிறகு, "அவர் டீ போட்டு வச்சிருப்பார்ங்க. நான் வர்ற நேரத்துக்குச் சூடா இருக்கும். அதனாலதான் சத்தத்தைக் குறைங்கன்னு வாய் வராது" என்றாள்.

3

(கட்டுரைக்காக எடுத்துவைத்த பகுதி. வீணாக்க மனசில்லை.)

குறைந்த விலையில் சத்தத்தை அடைப்பதாகச் சொல்லி விற்பவை இரண்டு வகை. ஒன்று, உள்ளே சின்ன மைக் வைத்து, வெளிச்சத்தத்துக்கு எதிர்ச்சத்தம் உண்டாக்கி அழிப்பது. இன்னொன்று, காதைத் தக்கை மாதிரி அடைப்பது. கிருஷ்ணப்பிரியா முதலில் எதிர்ச்சத்த வகையை வாங்கினாள். போட்டதும் ஃபிரிட்ஜின் முனகல் போயிற்று. நெடுஞ்சாலை லாரிகளின் உறுமல் போயிற்று. எல்லாம் போன இடத்தில், விவாதம் நடத்துகிறவரின் குரல் பளிங்கு மாதிரி வந்து விழுந்தது.* அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடுத்து வாங்கியது சத்தத்தை ஓரளவு அடைத்தது, ஆனால் பாட்டு தகர டப்பாவுக்குள்ளிருந்து வந்தது.

* அந்த வகை, விடாமல் ஒலிக்கிற அடித்தொண்டைச் சத்தங்களைத்தான் நன்றாக அழிக்கும். மனிதக் குரல் தப்பித்து உள்ளே வந்துவிடும். மனிதக் குரலிடமிருந்து தப்பிக்க நினைப்பவர்கள் காதை இறுக்கி அடைக்கிற வகையைத் தேட வேண்டும். வர்ஷா, இந்த ஒரு வரியை வேண்டுமானால் எடுத்துக்கொள்ளுங்கள்.

4

பூந்தமல்லி பேருந்து நிலையத்துக்கு எதிரே ஜம்புலிங்கம் என்பவரின் செல்போன் கடை. செல்போன் உறைகளின் திரையை விலக்கிக்கொண்டு எட்டிப் பார்த்தார்.

"இன்னாக்கா வோணும்?"

"இயர்போன். வெளிச்சத்தம் உள்ள வரக்கூடாது."

"இத்த போட்டுப் பாருக்கா. பேஸ் கீதே, நெஞ்சுல வந்து குத்தும்."

"குத்த வேணாங்க. சத்தம் வராம இருந்தா போதும்."

"ஃபுல் சவுண்டு வெச்சிக்கோக்கா. அப்பறம் இன்னா வெளிய கேட்டுடப் போவுது?"

அவள் சோர்ந்துபோய்க் கிளம்பத் திரும்பினாள். அப்போதுதான் கண்ணாடிக்குக் கீழே, தூசி படிந்த பெட்டியில், ஒயர் வைத்த ஒன்றைக் கவனித்தாள். காதுக்குள் போகும் முனை ரப்பராக இல்லை, பஞ்சு மாதிரி இருந்தது. அதை எடுக்கச் சொன்னாள்.

"ஒயரா? இத்த யார்க்கா இப்ப வாங்குறா" என்றபடியே எடுத்துக் கொடுத்தார்.

பஞ்சை விரலால் உருட்டி நசுக்கி, காதுக்குள் ஆழமாக வைத்துப் பிடித்துக்கொண்டாள். பஞ்சு மெல்ல விரிந்தது. பேருந்து ஹார்ன்கள், ஷேர் ஆட்டோக்காரர் கூவுவது, ஜம்புலிங்கம் இன்னும் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தது, எல்லாம் யாரோ கதவைச் சாத்திக்கொண்டு போனது போல விலகின. போனில் இருந்த ஒரு பாட்டைப் போட்டாள். எத்தனையோ முறை கேட்ட பாட்டுதான். சரணம் தொடங்குவதற்கு முன்னால் பாடுகிறவள் மூச்சை இழுக்கிறாள். அந்த மூச்சை அவள் அதுவரை கேட்டதே இல்லை.

கடை வாசலிலேயே நின்றுவிட்டாள். அவள் ஏற வேண்டிய பஸ் வந்து நின்று போனது. பாட்டு முடிந்த பிறகும் அதைக் காதிலிருந்து எடுக்க மனம் வரவில்லை. ஜம்புலிங்கம் கையை ஆட்டி ஆட்டிக் கூப்பிட்ட பிறகுதான் பணம் கொடுக்கவில்லை என்பதே நினைவுக்கு வந்தது.

5

இந்த இடத்தில் நீங்கள் என்ன எதிர்பார்க்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். நானும் அதைத்தான் எழுதினேன்:

அவள் காதை அடைத்துக்கொண்டு குழம்பைக் கிளறிக்கொண்டிருந்தபோது, குளியலறையில் வழுக்கி விழுந்த கோவிந்தராஜ் எழுப்பிய குரல் —

[அடித்துவிட்டேன். வேலை முடிந்து வந்த பெண் சற்று நேரம் பாட்டுக் கேட்க ஆசைப்பட்டதற்குத் தண்டனையாக ஒரு கிழவரைத் தள்ளிவிடுவது மலிவான வேலை. அதோடு, அப்படி எதுவும் நடக்கவில்லை.]

நடந்தது இதுதான். சில நாட்கள் சுகமாகப் போயின. சமையல், பாத்திரம், துணி மடிப்பது எல்லாம் பாட்டோடு. டீயை வாங்கிக்கொள்ளும்போது மட்டும் ஒரு காதைக் கழற்றுவாள். ஒருநாள் அவர் கேட்டார்.

"இன்னாம்மா அது, பாட்டா?"

"ஆமா மாமா."

"நல்லா கேக்குதா?"

"நல்லாக் கேக்குது மாமா!" கத்திச் சொன்னாள்.

அவர் அந்த ஒயரையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுத் தலையாட்டினார்.

மறுநாள் சாயங்காலம் கதவைத் திறந்தபோது வீடு அமைதியாக இருந்தது. டிவி ஓடிக்கொண்டிருந்தது. ஐந்து பேரும் வாயை வாயை அசைத்துக்கொண்டிருந்தார்கள். சத்தம் இல்லை.

"ஏன் மாமா சத்தம் வைக்கல?"

"வோணாம்மா. நாள் பூரா கத்தறதக் கேட்டுகினு வர்ற. எனக்குக் கீய எழுத்து ஓடுதுல்ல, அது போதும்."

அவர் கண்ணுக்கு அந்த எழுத்து தெரியாது. கண்புரைக்கு இன்னும் அறுவை செய்துகொள்ளவில்லை.

6

[இதை எழுதத் தயங்கினேன். வேனில் அவளும் தயங்கித்தான் சொன்னாள்.]

அவள் அடுக்களைக்குள் போனாள். இயர்போனை எடுக்கவில்லை. இனிமேல் எடுத்துக் காதில் வைத்தால் அவரை அவமானப்படுத்துவது போல் ஆகிவிடும். அரிசியைக் களையும்போது கூடத்திலிருந்து குரல் கேட்டது. போனில் பேசுகிறார் என்று நினைத்தாள். அவருடைய போன் ஃபிரிட்ஜின் மேல் இருந்தது.

கோவிந்தராஜ் தன் மனைவியிடம் பேசிக்கொண்டிருந்தார். ஜெகதாம்பாள் இறந்தது மகனின் கல்யாணத்துக்கு முன்பே. கிருஷ்ணப்பிரியா அவளைப் படத்தில்தான் பார்த்திருக்கிறாள். அவர் முணுமுணுப்பதாகத்தான் நினைத்திருக்க வேண்டும். தன் குரல் எவ்வளவு தூரம் போகும் என்று காது கேளாதவருக்கு எப்படித் தெரியும்? தினமும் இந்த நேரத்தில் பேசியிருக்கிறார். விவாதக்காரர்கள் அதை மூடிவைத்திருந்தார்கள்.

"அவன் அங்க ஓட்டல்ல துன்னுகினு கீறான் ஜெகா. இந்தப் பொண்ணு இங்க எனக்கு வடிச்சிக் கொட்டிகினு கீது. ஓசூர்ல ஊடு பாத்துட்டான் போல. அவ சொல்ல மாட்டேங்குறா. போம்மான்னு நானும் சொல்லல. சொன்னா போயிடுவாளோன்னு பயந்துகினு கம்முனு கீறேன்."

அவளுடைய கை தண்ணீருக்குள்ளேயே இருந்தது. விஷால் ஓசூரில் வீடு பார்த்தது உண்மை. அப்பா ஆவடிப் பக்கத்தை விட்டு வரமாட்டார், நீ முதலில் வா, பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று அவன் சொல்லி வெகுநாள் ஆகிறது. இவள் பதில் சொல்லாமல் தள்ளிப்போட்டுக்கொண்டிருந்தாள். அவருக்காகத் தள்ளிப்போட்டாளா, புதிய ஊரில் எல்லாவற்றையும் மறுபடி தொடங்க அலுப்பாக இருந்ததா, அவளுக்கே தெரியவில்லை. இரண்டும்தான் என்று எழுதியிருந்தேன். பிறகு தெரியவில்லை என்றே மாற்றினேன். அவள் சொன்னது அதைத்தான்.

கையைத் துடைத்துக்கொண்டு கூடத்துக்குப் போனாள்.

7

இங்கே ஒரு சிக்கல். அந்த வீட்டில் எதையும் மெதுவாகச் சொல்ல முடியாது. கதைகளில் வருவது போல அருகில் உட்கார்ந்து, கையைப் பற்றி, தழுதழுத்த குரலில் சொன்னால் அவர் "ஆங்?" என்பார். எவ்வளவு மென்மையான விஷயமாக இருந்தாலும் கத்தித்தான் சொல்லியாக வேண்டும்.

நான் எழுதிப் பார்த்தவை: நான் ஓசூர் போறேன் மாமா. நான் எங்கயும் போகல மாமா. நீங்களும் எங்ககூட வாங்க மாமா. டிவில சத்தம் வைங்க மாமா, நீங்க பேசறது எனக்குக் கேக்குது.

ஒவ்வொன்றும் ஒரு முடிவு. ஒவ்வொன்றையும் நம்பும்படி எழுத முடிந்தது. அதுதான் அலுப்பாக இருந்தது.

வேன் எஸ்டேட்டுக்குள் திரும்பும்போது அவளிடமே கேட்டுவிட்டேன். "என்னதான் சொன்னீங்க?"

"எதிர் பிளாட் சபீனா கதவைத் திறந்து எட்டிப் பாத்தாங்க. அவ்வளவு சத்தமாச் சொன்னேன்."

"அதான், என்ன?"

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "அது அவர் கேக்கறதுக்காகக் கத்தினதுங்க. எல்லாரும் கேக்கறதுக்கு இல்ல."

ஆகவே அவள் சொன்னது என்னிடம் இல்லை. அவர் சொன்ன பதிலை மட்டும் இறங்கும்போது சொல்லிவிட்டுப் போனாள். நான் எழுதிவைத்திருந்த அத்தனை முடிவுகளுக்கும் அந்தப் பதில் பொருந்துகிறது. எனவே அவளுடைய வரிக்கு இடம் விட்டிருக்கிறேன். நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். ஒன்று மட்டும், கொஞ்சம் உரக்கவே எழுதுங்கள்.

அவர் காதருகே குனிந்து அவள் சொன்னாள்:

"                                                            "

கோவிந்தராஜ் ரிமோட்டைக் கீழே வைத்தார். அவளை நிமிர்ந்து பார்த்தார்.

"அத்த மின்னாடியே சொல்றதுக்கு இன்னாம்மா?"