நீல மருந்து ஊற்றிய எஞ்சின்கள்

யாகப்பரின் முப்பத்தோராம் நாள் பூசை முடிந்து அவருடைய மனைவி செலீனா கோயில் வாசலைவிட்டு இறங்கியபோது, பேசாலைச் சந்தியில் உறுமிக்கொண்டு நின்ற மன்னார் பஸ்ஸும் ஐஸ் ஏற்றி வந்த லொறியும் ஒரே மூச்சில் நின்றுபோயின. அவள் சந்தியைக் கடந்து தன் ஒழுங்கைக்குள் திரும்பியதும் இரண்டும் தாமாகவே மறுபடி உறுமத் தொடங்கின. எழுபத்தெட்டாம் ஆண்டு மாசி மாதம் அது. அன்றைக்குப் பாரை மீன் மலிவாக இருந்தது, வெங்காயம் விலை ஏறியிருந்தது.

அந்த மாதம் முடிவதற்குள் விஷயம் தெளிவாகிவிட்டது. செலீனா கிட்ட வந்தால் எல்லா எஞ்சினும் நிற்பதில்லை. அவளுடைய சொந்த அண்ணன் அமிர்தநாயகம் விற்ற நீல மருந்தை டீசலில் கலந்து ஊற்றிய எஞ்சின்கள் மட்டுமே நின்றன. பெற்றோல் கார்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. மருந்து வாங்கியதை வெளியே சொல்லாதவர்களும் அகப்பட்டுக்கொண்டார்கள். கண்டதையும் நம்பாதே என்று பிரசங்கம் வைக்கும் பங்குச் சாமியாரின் ஜீப்பே அவளைக் கண்டதும் ஒருமுறை இருமிவிட்டு அடங்கியது.

அமிர்தநாயகம் கொழும்பில் சில வருடம் இருந்துவிட்டு, வெள்ளைச் சப்பாத்தும் அந்த மருந்தின் ஏஜென்சியும் சேரத் திரும்பி வந்தவர். டீசலில் ஒரு மூடி ஊற்றினால் போதும், எஞ்சினுக்குள் தேய்மானம் என்பதே இருக்காது, கரி பிடிக்காது, இரட்டிப்புக் காலம் உழைக்கும் என்று மன்னார் பஸ் நிலையத்தில் மேசை போட்டுச் சொன்னார். எங்கே நிரூபித்தது என்று யாராவது கேட்டால், வெளிநாட்டில் என்பார். வெளிநாட்டில் எங்கே என்று கேட்பவனை, டீசல் கப்பலில் வருவதா, கோயில் கிணற்றில் ஊறுவதா என்று திருப்பிக் கேட்டுச் சிரிக்க வைப்பார். முதல் போத்தலைத் தங்கை புருஷனுக்குச் சும்மா கொடுத்தார். செலீனாவின் குசினி வாசலில், அவள் கொடுத்த தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டே, "இத ஊத்தினாப் பிறகு கராச் பக்கமே போகத் தேவையில்லை, மச்சான்" என்றார்.

யாகப்பர் அதை நம்பினார். அவருடைய படகின் எஞ்சின் அந்த மார்கழியிலிருந்தே சூடேறிக்கொண்டிருந்தது. தண்ணி பம்பை மாற்றச் சொல்லி மன்னாரில் எஞ்சின் திருத்தும் கராச் வைத்திருந்த ஆதம்பாவா சொல்லியிருந்தார். மருந்து ஊற்றியிருக்கிறதே, பெருநாளுக்குப் பிறகு பார்க்கலாம் என்று யாகப்பர் விட்டுவிட்டார். தை மாத வாடையில், கடலின் நடுவில், எஞ்சின் இறுகி நின்றது. படகு கடலடிப் பாறையான பாரில் அடித்துக் கவிழ்ந்தது. கூடப் போனவன் பலகையைப் பிடித்துக் கரையேறி நடந்ததைச் சொன்னான். யாகப்பர் பிறகு வந்தார், அலையோடு.

செத்த வீட்டுக்குப் பெரிய மாலையோடு வந்த அமிர்தநாயகத்தைச் செலீனா வேலிப் படலையிலேயே மறித்தாள். "அந்தத் தண்ணிய வித்துத்தானே மாலை வாங்கினனீ? கொண்டு போ" என்றாள். பிறந்ததிலிருந்து அண்ணனை நீங்கள் என்று சொல்லிவந்த வாய் அது. அவர் மாலையை வேலியில் கொழுவிவிட்டுப் போனார். அது காயும்வரை அங்கேயே தொங்கியது.

எஞ்சின்கள் நிற்கத் தொடங்கியபோது செலீனாவுக்குச் சந்தோஷம் வரவில்லை. உள்ளங்கால் மட்டும் சுரீர் என்று கொதித்தது. ஆனால் அதை வைத்து என்ன செய்யலாம் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. மன்னாருக்கு நடந்தே போய் அண்ணனின் மேசைக்கு எதிரே குந்திக்கொண்டாள். பஸ் நிலையம் ஊமையானது. கழுதைகள் பஸ்களுக்கு நடுவில் வந்து படுத்துக்கொண்டன. சாரதிகள் அவளைத் தூஷணத்தால் ஏசினார்கள், சூனியக்காரி என்றார்கள், ஒருவன் குடித்து மிஞ்சிய எச்சில் தண்ணியை அவள் முகத்தில் ஊற்றினான். அவள் சேலைத் தலைப்பால் துடைத்துக்கொண்டு, "எனக்கேன் ஊத்திறாய்? அந்தப் போத்தலை உன்ர டாங்கியில ஊத்தாமல் விடன்" என்றாள். அவளுக்கு மீன் விற்றவர்கள் நிறுத்தினார்கள். அவளுடைய கிணற்றுக்குள் யாரோ கழிவு ஒயிலைக் கொட்டினார்கள்.

அமிர்தநாயகம் அசையவில்லை. கதிரை மேல் ஏறி நின்று பேசினார். "பாருங்கோ சனங்களே! வெறும் டீசல் எஞ்சின் ஓடுது. என்ர மருந்து ஊத்தினது நிக்குது. அப்ப மருந்தில சக்தி இருக்கெண்டுதானே அர்த்தம்? இதைவிட என்ன நிரூபணம் வேணும்?" சனம் யோசித்துப் பார்த்தது. அந்த வருடம் நீல மருந்து முன்னெப்போதும் இல்லாத அளவுக்கு விற்றது. நறுவிலிக்குளத்து விவசாயிகள்கூட வந்து டிராக்டருக்கு வாங்கிப் போனார்கள்.

செலீனா வீட்டுக்குப் போய் ஒரு மாட்டு வண்டியை அமர்த்தி, பாரிலிருந்து மீட்டு வந்த யாகப்பரின் எஞ்சினை அதில் ஏற்றி, ஆதம்பாவாவின் கராச்சில் கொண்டுபோய் இறக்கினாள். ஊரே கூடி நிற்கத் திறக்க வேண்டும் என்றாள். ஆதம்பாவாவுக்கு மனமில்லை. அவருடைய கராச் தட்டிலும் அதே போத்தல்கள் விற்பனைக்கு இருந்தன. ஆனாலும் திறந்தார். பிஸ்டன் இறுகிப்போயிருந்தது. தண்ணி பம்பின் ரப்பர் இதழ்கள் தேய்ந்து ஒன்றும் மிச்சமில்லை.

"மருந்தால கெட்டதோ?" என்று செலீனா கேட்டாள்.

ஆதம்பாவா கையைச் சாரத்தில் துடைத்தார். "அப்பிடிச் சொல்லேலாது, தங்கச்சி. காப்பாத்தினதெண்டும் சொல்லேலாது. ஊத்தினதுக்கு ஒரு அடையாளமும் இதுக்குள்ள இல்லை. தண்ணி ஏறாமல் சூட்டில இறுகியிருக்கு, அவ்வளவுதான்."

கூட்டத்துக்குள் நின்ற அமிர்தநாயகம் கை தட்டினார். "கேட்டியளே? மருந்தால இல்லை! ஒரு வருஷமா என்னைக் கொலைகாரன் எண்டு ஏசினாளே!"

"அந்தப் பம்பை அவர் மாத்தாமல் விட்டது ஆரால?"

"நானே மாத்த வேண்டாமெண்டனான்?"

"என்ர குசினி வாசலில நிண்டு சொன்னனீ. கராச் பக்கமே போகத் தேவையில்லையெண்டு. என்ர தேத்தண்ணிய வாயில வைச்சுக்கொண்டு சொன்னனீ."

கூட்டத்தில் சிலர் தலை குனிந்தார்கள். அவர்களிடமும் அதையே சொல்லி விற்றிருந்தார். அவர்களும் எஞ்சின் திருத்துவதைத் தள்ளிப் போட்டிருந்தார்கள். ஆனால் அடுத்த நாளும் மேசை விரிக்கப்பட்டது, போத்தல்கள் விற்றன. ஆதம்பாவா மட்டும் தன் தட்டிலிருந்ததைத் திருப்பி அனுப்பினார், அதுவும் காரணம் சொல்லாமல். அண்ணனும் தங்கையும் அதற்குப் பிறகு பேசவில்லை. அவர் கல்வீடு கட்டினார், பெற்றோல் கார் வாங்கினார், தலைமன்னாரில் சொந்தமாகப் படகு வாங்கி நிறுத்தினார். அவள் வலை பின்னிச் சாப்பிட்டாள், எங்கும் நடந்தே போனாள். மன்னார்ப் பாலத்தில் அவள் நடந்தால், அவள் அக்கரை சேரும்வரை லொறிகள் வரிசையில் அமைதியாகக் காத்திருந்தன. சாரதிகள் அந்த நேரத்தில் பீடி பற்ற வைக்கப் பழகிக்கொண்டார்கள்.

பிறகு நாட்டில் சண்டை வந்தது. தொண்ணூறாம் ஆண்டு ஆவணியில் சனம் இந்தியாவுக்குப் போகத் தலைமன்னார்க் கரையில் குவிந்தது. கடைசியாக மிஞ்சியது அமிர்தநாயகத்தின் படகு. செலீனா ஒரு பையோடு தண்ணீருக்குள் இறங்கியதைக் கண்டதும் அவர் படகின் முன்பக்க அணியத்தில் நின்று கத்தினார். "அவளை ஏத்தாதேங்கோ! நடுக்கடலில எஞ்சின் நிண்டால் எல்லாரும் சாவம்!"

சனம் அவளைத் தள்ளியது. ஒருவன் படகு வலிக்கும் சவள் கட்டையை ஓங்கினான். வானில் ஹெலிகொப்டர் சத்தம் கேட்டது. அமிர்தநாயகத்தின் மனைவி மதலேனா குனிந்து, பன்னிரண்டு வருடமாகப் பேசாத மச்சாளின் கையைப் பிடித்து உள்ளே இழுத்துப் போட்டாள். "செத்தால் எல்லாருமாச் சாவம்" என்றாள்.

செலீனா எஞ்சின் பெட்டியின் மேலேயே விழுந்தாள். எல்லோரும் எஞ்சின் சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்டார்கள். எஞ்சின் ஓடியது. கரை மறைந்தும் ஓடியது. ஒருமுறைகூட இருமவில்லை. செலீனாவின் உள்ளங்கால் குளிர்ந்தே கிடந்தது. படகிலிருந்த ஒவ்வொருவருக்கும் விஷயம் மெல்ல விளங்கியது. மதலேனாதான் கடைசியில் கேட்டாள்.

"நீங்கள் இதுக்கு ஊத்தேல்லையே?"

அமிர்தநாயகம் கடலைப் பார்த்தார். "இது என்ர சொந்த எஞ்சின்" என்றார்.

ஒருவன் எழும்பி, அமிர்தநாயகம் சாய்ந்திருந்த இடத்திலிருந்து தன் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு மறுபக்கம் போனான். பிறகு இன்னொருவன் போனான். கொஞ்ச நேரத்தில் எல்லோரும் போய்விட, அந்தப் பக்கம் மேலெழும்பிப் படகு சரிந்தபடியே போனது. செலீனா அண்ணனின் முகத்தைப் பார்த்தாள். கோபிக்கக்கூட ஏலாத அளவுக்கு அது சின்னதாகத் தெரிந்தது. அவள் எழுந்து போய், படகு சமனாவதற்காக அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

இந்தியாவில் மண்டபம் அகதி முகாமில் சேர்ந்த முதல் கிழமையே தண்ணீர் லொறி அவள் கொட்டிலுக்கு எதிரே நின்றுபோனது. அங்கேயும் யாரோ அதை விற்கிறார்கள் என்று தெரிந்தது. முகாம் அதிகாரி விசாரித்தார், சனம் சொன்னது, அவர் தலையாட்டினார். லொறியை அவள் கொட்டிலுக்கு முன்னால் வந்தே நிற்கச் சொல்லிவிட்டார்கள், அங்கே வரிசை பிடிக்க இடம் வசதி. தண்ணீர் பிடித்து முடிந்ததும் செலீனா கடற்கரைப் பக்கம் கொஞ்சம் நடந்துவிட்டு வருவாள், லொறி கிளம்பிப் போகும்.