ஆறு மாத அட்டவணை

பிப்ரவரி 11, 2025. செவ்வாய்.

இன்று ஒரு சிறிய தவறு செய்தேன். இரண்டு பக்கக் கடிதத்தில் முதல் பக்கத்தை மட்டும் அச்செடுத்துக் கொடுத்தேன்.

'சிறிய' என்று எழுதியது சரிதானா என்று தெரியவில்லை. நடந்ததை வரிசையாக எழுதிப் பார்க்கிறேன்.

வண்ணார்பேட்டையில் நான் வேலை பார்க்கும் கணினி மையத்தில் பாஸ்போர்ட், விசா விண்ணப்பங்கள் நிரப்பிக் கொடுக்கிறோம். ஐந்தரைக்கு வேலை முடியும். ஆறு மணிக்கு அதே கட்டடத்தின் மாடியில் டார்லின் மிஸ் நடத்தும் ஆங்கில வகுப்பு. ஆங்கிலம் எனக்கு இன்னும் பயம்தான். அதனால் எதை எழுதினாலும் மூன்று முறை சரிபார்ப்பேன்.

கொக்கிரகுளத்திலிருந்து ஐயம்பெருமாள் தாத்தாவும் வடிவம்மாள் ஆச்சியும் பொங்கல் முடிந்த மறுநாள் வந்தார்கள். அவர்களுடைய ஒரே மகன் கணேஷ்ராம் இங்கிலாந்தில் லீட்ஸ் நகரத்தில் இருக்கிறார். மருமகள் பிருந்தாவுக்கு மார்ச் பத்தாம் தேதி வாக்கில் பிரசவம், தலைப்பிள்ளை. பிருந்தாவுக்கு அம்மா இல்லை. அந்த இடத்தில் தானே நிற்பதாகக் கல்யாணத்தன்றே ஆச்சி சொல்லியிருக்கிறார்.

விண்ணப்பத்தில் பயண நோக்கம் என்ற இடம் வந்தபோது கணேஷ்ராம் போனில் இருந்தார். "அப்பா, சும்மா எங்களப் பாக்க வாரோம்னு மட்டும் போடுங்க."

தாத்தாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "ஆறு மாசம் மகன் வீட்டுல சும்மா உக்காந்து திங்கதுக்கால போறோம்? உள்ளதப் போடும்மா முத்துராணி."

"என்ன சோலிக்கு வாராவன்னு தெரிஞ்சாத்தான அவுகளும் விடுவாவ" என்றார் ஆச்சி.

எனக்கும் அது நியாயமாகப் பட்டது. அந்த வாரம் வகுப்பில், காரணத்தைச் சொன்னால் விவரத்தோடு சொல்ல வேண்டும் என்று டார்லின் மிஸ் சொல்லியிருந்தார். ஆச்சி சொல்லச் சொல்ல நான் கட்டம் போட்டு ஓர் அட்டவணை தயாரித்தேன். யாரும் கேட்கவில்லை, நானாகச் செய்தது. காலை ஆறு மணி, தாய்க்கு உளுந்தங்களி. ஒன்பது மணி, குழந்தைக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டுதல். பதினொன்று, பூண்டுக் குழம்போடு பத்தியச் சாப்பாடு. மத்தியானம் இரண்டிலிருந்து நாலு வரை தொட்டில் ஆட்டுதல்: தாத்தா. இப்படி ஆறு மாதத்துக்கு, மாதம் ஒரு தாள். எல்லாம் ஆங்கிலத்தில். அதை விண்ணப்பத்தோடு இணைத்து அனுப்பினேன்.

கடை முதலாளி தாஜ் முகம்மது அண்ணாச்சி எட்டிப் பார்த்துவிட்டுத் தாத்தாவிடம் சிரித்தார். "என்ன அண்ணாச்சி, ஒமக்குத் தொட்டில் டூட்டியா? ரெண்டு மணி நேரம் தூங்காம இருப்பீராவே?"

"நான் தூங்கினாலும் கை ஆட்டும்வே" என்றார் தாத்தா.

ஆச்சி ஒரு நகல் கேட்டு வாங்கிக்கொண்டார். நானும் பெருமையாகத்தான் கொடுத்தேன்.

அவர்களுக்கு மின்னஞ்சல் கிடையாது. கடை முகவரியையே கொடுத்திருந்தோம். இன்று காலை பதினொரு மணிக்குப் பதில் வந்தது. விசா மறுக்கப்பட்டது, மேல்முறையீடு இல்லை என்று முதல் பக்கம். இரண்டாம் பக்கம், நாலாவது பத்தி: நீங்கள் இணைத்துள்ள அட்டவணையின்படி, உங்கள் நோக்கம் உறவினரைப் பார்ப்பது அல்ல, ஆறு மாதம் தினமும் குழந்தை பராமரிப்பு வேலை செய்வது. பார்வையாளராக வருகிறவருக்கு அதற்கு அனுமதி இல்லை.

மூன்று முறை வாசித்தேன். மூன்று முறையும் அதேதான் இருந்தது.

பதினொன்றரைக்கு இருவரும் வந்தார்கள். பத்து நாளாக அந்த நேரத்துக்குத்தான் வருகிறார்கள். நான் முதல் பக்கத்தை எடுத்துக் கொடுத்தேன். "எழுத்துப் பொடிசா இருக்கு, நீயே வாசிச்சுச் சொல்லும்மா" என்றார் தாத்தா. சொன்னேன்.

"காரணம் என்ன போட்டிருக்கான்?"

"பயண நோக்கம் அவங்களுக்குத் திருப்தியா இல்லையாம் தாத்தா."

"நம்ம நோக்கத்துல என்ன குறையக் கண்டான்?"

ஆச்சி சுவரைப் பார்த்தபடி, "அப்ப அந்தப் பிள்ளைக்கு யாரு களி கிண்டிக் குடுப்பா?" என்றார். பையை மடிக்கு இழுத்துக்கொண்டு, "நாலு கிலோ உளுந்த வறுத்துத் திரிச்சு வச்சிருக்கேனே" என்றார்.

போகும்போது தாத்தா என்னிடம், "நீ ஏன் மூஞ்சியத் தொங்கப் போட்டிருக்க? நாங்க சொன்னதத்தான நீ எழுதின" என்றார்.

நான் தலையாட்டினேன். அதையும் தவறாகவே சேர்க்க வேண்டும். ஆக, இன்று இரண்டு.

பிப்ரவரி 12, புதன்.

இன்று கடை திறக்கும் முன்பே வந்து வாசலில் நின்றார்கள். ராத்திரி தூங்கவில்லை என்பது இருவர் முகத்திலும் தெரிந்தது.

கணேஷ்ராம் போனில் பேசினாராம். இரண்டு வாரம் விடுப்புப் போட்டு அவரே பார்த்துக்கொள்வாராம். "பரவால்ல அத்தை" என்று சொல்லிவிட்டு பிருந்தா போனை வைத்துவிட்டாளாம். "அழுகைய அடக்கத்தான் வச்சுட்டா, எனக்குத் தெரியாதா?" என்றார் ஆச்சி.

"கடுதாசி ரெண்டு பக்கம் இருக்கும்லா, இன்னொரு பக்கம் எங்கன்னு கேக்கான் எம் மவன்" என்றார் தாத்தா. "நான் நல்லா ஏசிவிட்டேன். லே, அந்தப் பிள்ள ஒரு எழுத்து விடாது, ஒரு பக்கத்தையா விடும்னேன்."

அப்போது சொல்லியிருக்கலாம். வாயைத் திறந்தேன். அதற்குள் ஆச்சி பையிலிருந்து ஒரு தாளை எடுத்து மேசையில் விரித்தார். என் அட்டவணையின் முதல் மாதம். அடுக்களை அலமாரியில் ஒட்டி வைத்திருந்ததாம். ஓரங்களில் எண்ணெய்க் கறை. கீழே பென்சிலில் தமிழில் புதிதாக ஐந்தாறு வரிகள்.

"மறுபடி எழுதிப் போடுட்டி. இந்தத் தாளு அவுக கண்ணுல படல போல. பட்டிருந்தா இப்படிச் சொல்லுவாவளா? இந்தத் தடவ இன்னும் விவரமாப் போடு. பிள்ளைக்கு உரைமருந்து, சாம்பிராணிப் புகை எல்லாம் விட்டுப்போச்சு பாரு."

நான் நோட்டை எடுத்து அந்த வரிகளையும் ஒவ்வொன்றாக எழுதிக்கொண்டேன். ஏன் எழுதினேன் என்று இப்போதும் புரியவில்லை. கை தானாக எழுதியது.

தாத்தா மெதுவாக, "முப்பது வருசம் கூட்டுறவுச் சங்கத்துல இருந்தேன். ஒருத்தன் என்னய ஒரு வார்த்த கேட்டதில்ல. அவன் எதப் பாத்து எம்மேல சந்தேகப்பட்டாம்மா? ராத்திரி பூரா அதத்தான் யோசிச்சேன்" என்றார்.

அவர்கள் போன பிறகு தாஜ் அண்ணாச்சியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை. இரண்டாம் பக்கத்தைத் திரையில் வாசித்துவிட்டு நாற்காலியைப் பின்னால் தள்ளினார்.

"திரும்பப் போட்டா மூணு வாரம், நாலு வாரம் ஆவும். அதுக்குள்ள பிள்ள பொறந்துரும். ஒம் அட்டவணை அவுகட்ட அப்படியே இருக்கு. இப்ப போயி சும்மா பாக்க வாரோம்னா, அன்னைக்குச் சொன்னது பொய்யா, இன்னைக்குச் சொல்லுதது பொய்யான்னு கேப்பான்."

"அப்ப வேற வழியே இல்லையா அண்ணாச்சி?"

"இருந்தாச் சொல்ல மாட்டனா?"

சாயங்காலம் வகுப்புக்குப் போனேன். டார்லின் மிஸ் போன வாரக் கட்டுரையைத் திருப்பிக் கொடுத்தார். ஓரத்தில், விவரங்கள் நன்றாக இருக்கின்றன என்று எழுதியிருந்தார். தாளை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டேன்.

வரிசையாக எழுதிப் பார்த்தாயிற்று. உண்மையைச் சொன்னாலும் அவர்கள் லீட்ஸ் போகப் போவதில்லை. பிருந்தாவுக்குக் களி கிண்டிக் கொடுக்க யாரும் வரப்போவதில்லை. ஆச்சி என்னிடம் மறுபடியும் பேசுவாரா என்பதும் தெரியாது. ஆனால் தாத்தா தன் முப்பது வருடத்தில் இல்லாத ஒரு குறையைத் தேடிக்கொண்டிருக்கிறார்.

நேற்றைய முதல் வரியில் 'சிறிய' என்ற சொல்லை அடித்துவிட்டேன்.

நாளை: ஒன்பதரைக்குக் கடை திறந்ததும் இரண்டாம் பக்கத்தை அச்செடுக்க வேண்டும். அவர்கள் வரும்வரை காத்திருக்காமல் கொக்கிரகுளம் போக வேண்டும். நாலாவது பத்தியை ஒரு சொல் விடாமல் தமிழில் தாத்தாவுக்கு வாசித்துக் காட்ட வேண்டும்.